இடப்பக்க இருக்கை

மீரா உசேனின் முகத்தை
நான் சரியாகப் பார்த்ததில்லை.
ஏழு வருஷம் அவர் இடப்பக்கம் உட்கார்ந்து
மடியில் குனிந்து வாசித்தவள் நான்.
கியர் மாற்றும் கை தெரியும்,
பெருவிரல் நகத்தடியில் பஞ்சர் பசையின் கறுப்பு தெரியும்.
மற்றபடி:
இடது மூன்று, இறுகும்.
நாற்பது மீட்டர், பாலம்.
வலது இரண்டு, உள்ளே வெட்டாதே.

பசுமலையில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர்.
வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு, காரணம்: சொந்த வேலை.
அன்றிரவு சிறுமலையின்
பதினெட்டுக் கொண்டை ஊசிகளுக்கும்
மார்க் போட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்று முறை சாம்பியன் அவர்.
கோப்பைகள் தெற்குவெளி வீதி டயர்க் கடையில்தான் கிடக்கின்றன.
ஒன்றில் வால்வு மூடிகள், ஒன்றில் சில்லறை.
பெரியது, ஒரு காது உடைந்தது,
அதில் டியூப் முக்கிப் பார்க்கும் தண்ணீர்.
ஓட்டை இருந்தால் குமிழ் வரும்.

ஊருக்குள் அவருக்கு டிவிஎஸ் ஃபிஃப்டி.
சிம்மக்கல்லில் தள்ளுவண்டிக்காரர் முந்திப் போவார்.
"போகட்டும், அவருக்குக் கீரை வாடிரும்."

கோயம்புத்தூர் விஸ்வம் இப்படியில்லை.
பானெட்டில் எலுமிச்சை உருட்டிவிட்டு
யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பார்.
தோற்றால் ஒரு வாரம் வண்டியோடு பேசமாட்டார்.
கூர்க் பொன்னப்பா ஒவ்வொரு ரேஸுக்கு முன்னும் வாந்தியெடுத்து,
வாய் கொப்பளித்து, ஒரு வாழைப்பழம் தின்று,
எல்லாரையும் விட வேகமாய்ப் போவார்.
"உங்க ஆளுக்குப் பயமே இல்லியா டீச்சர்?" என்றார் ஒருமுறை.
உண்டு. ஊசிக்குப் பயம்.
லிஃப்ட் என்றால் ஐந்து மாடியும் படிதான்.

அந்த டிசம்பர், பத்தாவது வளைவு தாண்டி,
பனி எங்கள் ஹெட்லைட்டை எங்கள் மேலேயே
திருப்பி ஊற்றியது.
இரண்டு தாள் ஒட்டிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை.
"வலது ஐந்து, விரியும், முழு வேகம்."
எதிரே இடது ஒன்று.
அதற்கப்பால் வாழைத்தோப்பு,
அவ்வளவு உயரத்திலிருந்து வாழையும் புல்தான்.

வலது என்றேன். இடது எடுத்தார்.
விரியும் என்றேன். பிரேக் அடித்தார்.
மலையை அது போகிற போக்கிலேயே விட்டு ஓட்டினார்.
நான் மட்டும்
வேறொரு மலையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன்.

முடிவுக் கோட்டில் இறங்கிக் கத்தினேன்:
"நான் எதுக்கு வர்றேன்? இடப்பக்கம் கனத்துக்கா?"
அவர் என் வாயையே பார்த்தார்.
அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்,
கடைசி பெஞ்சில் எப்போதும் ஒருத்தியிடம் இருக்கும்.

"ரெண்டு வருஷமாச்சு டீச்சர்.
கம்ப்ரஸர் பாதி, சைலன்ஸர் பாதி தின்னுடுச்சு.
வளைவெல்லாம் மனசுல இருக்கு.
எத்தனாவதுங்கிறதுதான் குழம்பும்.
நீங்க பக்கம் திருப்புறது ஓரக்கண்ல வெள்ளையாத் தெரியும்,
நாலு முடிஞ்சுதுன்னு வெச்சுக்குவேன்."

ஒட்டிய இரண்டு தாளும்
அவருக்கு ஒரே வெள்ளை.

அடுத்த சீசன் மருத்துவப் படிவத்தில்
'செவித்திறன்: நன்று' என்று
என் குண்டு எழுத்தில் நான்தான் நிரப்பினேன்.
காப்பியடித்த பிள்ளையின் காதைத் திருகுகிற அதே கை.
மூன்றாவது கோப்பை அதற்கப்புறம் வந்தது.
காது உடைந்தது அதுதான்.

போன மாசம் கோரிப்பாளையம்.
சிக்னல் வேலை செய்யவில்லை.
பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்து நின்ற போலீஸ்காரர்
விசில் ஊதிக்கொண்டே இருந்தார்.
எல்லா வண்டியும் கிளம்பிவிட்டது,
ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டியையும்
அதில் அடைபட்ட என் ஷேர் ஆட்டோவையும் தவிர.
பின்னால் ஹார்ன், வசவு, இன்னும் ஹார்ன்.
அவர் நிதானமாக வானத்தைப் பார்த்தபடி இருந்தார்.

அவருக்கு இடப்பக்கம்தான் நான் இருந்தேன்.
பையில் காலாண்டுத் தேர்வுக் கட்டு.
கூப்பிடவில்லை.
மேலிருந்த விடைத்தாளை எடுத்து,
நூற்றுக்குப் பதினேழு, பாவம்,
வெளியே நீட்டி
ஒரு பக்கம் திருப்பினேன்.

திரும்பிக்கூடப் பார்க்காமல்
கியர் போட்டார்.